அசலுக்குச் சரியான நகல்

இந்தக் காலத்து நாவல்களில் முன்னுரையைப் படிக்காமலே தாண்டிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். காகிதத்துக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் நாளில், ஆசிரியர் எட்டுப் பக்கம் செலவழித்துத் தன் சிநேகிதர்களுக்கு நன்றி சொல்கிறார். கதைக்கு வந்து சேரும்போது அவருக்கும் மூச்சு வாங்குகிறது, நமக்கும் வாங்குகிறது. யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகிறது. புத்தகங்கள் இன்னும் வைக்கோல் நிறக் காகிதத்தில்தான் வருகின்றன. அதில் முன்னுரை எதற்கு?

நீங்கள் கேட்டது புத்தகத்தைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும். வீரபத்திரனின் மடியிலிருந்து எடுத்த எட்டுப் பக்கங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். மாஜிஸ்திரேட் முன்னால் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த எட்டுப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறீர்கள். முயல்கிறேன்.

என் பெயர் கஜபதி. வயது ஐம்பத்திரண்டு. திருத்தணியில் இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன், பத்திரங்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறேன். இந்த ஊரில் அந்தத் தொழிலுக்கு ஒரு கை போதாது, இரண்டு கை வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் வாயில் வரும், கையில் வராது. அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்தவர்களோ தெலுங்கு எழுத்தைப் பார்த்தால் ஜிலேபியைப் பார்த்ததுபோல் பார்ப்பார்கள். இரண்டு எழுத்தும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அசலில் உள்ளதை ஒரு புள்ளி கூட்டாமல், ஒரு புள்ளி குறைக்காமல் எழுதி, கீழே 'அசலுக்குச் சரியான நகல்' என்று போட்டுக் கையெழுத்திடுவேன். கஜபதி நகல் என்றால் கோர்ட்டிலும் கேள்வி இல்லை, குடும்பத்திலும் கேள்வி இல்லை.

எனக்குக் குடும்பம் கிடையாது. படிப்பு உண்டு. மலையடிவாரத்து வாசகசாலைக்கு ஒன்பது வருஷமாக நான்தான் கௌரவக் காரியதரிசி. சென்னையில் நாவல் வெளியான பதினைந்தாம் நாள் அது எங்கள் அலமாரியில் இருக்கும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இரண்டு வரி அபிப்பிராயம் எழுத வேண்டும் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதைப் புரட்டிப் பார்த்தால் பத்தில் எட்டு என் கையெழுத்தாக இருக்கும். மற்றவர்கள் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நன்று என்பது சாப்பாட்டுக்குச் சொல்வது.

இந்த வருஷம் வந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன். ஒன்று நானூறு பக்கத்துச் சரித்திர நாவல். நூறு பக்கத்துக்கு ஒருமுறை இளவரசி மயக்கம் போடுகிறாள். தெளிவிக்கிற வைத்தியருக்குக் கதாநாயகனைவிட வேலை அதிகம். இன்னொன்று சென்னை பங்களாவில் நடக்கும் காதல் கதை. அதில் எல்லாரும் காபி குடிக்கிறார்கள், யாரும் டம்ளர் கழுவுவதில்லை. மூன்றாவதில் ஒரு பெண் கிணற்றில் விழுந்து சாகிறாள். அதை நான் மெச்சினேன். இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் கண் கலங்கியது. அந்த மூன்றாவது நாவலால்தான் தமயந்தி என்னிடம் பேச வந்தாள்.

தமயந்தி வீரபத்திரனின் மனைவி. வாசகசாலைக்கு அடுத்தது அவர்களுடைய காவடிக் கடை. பின்பக்கம் பட்டறை. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர், அதற்குமேல் கூரைவரை மூங்கில் தட்டி. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, படிக்கத் தெரியாதவர்களுக்காக நான் நாவல் வாசிப்பேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள். சைக்கிள் கடை முக்தார் அகமது ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் தமயந்தி மயிற்பீலி கட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. தட்டியின் அந்தப் பக்கத்தைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் நான் வாசகசாலையைப் பூட்டும்போது வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்கும். விரலெல்லாம் சாயம்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கதயில அந்தப் பொண்ணு எதுக்குங்கண்ணா கெணத்துல வுழுந்தா?"

"மானத்துக்காகம்மா" என்றேன்.

"இல்லீங்கண்ணா. அவளுக்குச் சாவறதுக்கு இஷ்டமே இல்ல. போன வாரந்தான வெண்டக்கா வெத போட்டா. சாவப் போறவ வெத போடுவாளா? எழுதனவருக்குக் காகிதம் தீந்துகினு வந்திருக்கும். அதான் அவளப் புடிச்சித் தள்ளி வுட்டுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்த நாவலை மூன்றாம் முறை படித்தேன். வெண்டைக்காய் விதை இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். இரண்டு தடவை படித்தும் என் கண்ணில் படாதது இவள் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளதைச் சொல்லத்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'நாயகி கிணற்றில் விழவில்லை. காகிதப் பஞ்சம் காரணமாக ஆசிரியரே தள்ளிவிட்டார்.' ஒன்பது வருஷத்தில் நான் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களில் அது ஒன்றுதான் அச்சில் வந்தது. திருத்தணி கஜபதி என்று பெயரும் போட்டிருந்தார்கள். கருத்து அவளுடையது என்று யாராவது சொல்லலாம். வாக்கியம் என்னுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். முக்தார் அகமது "பலே" என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் பீலி கட்டுகிற சத்தம் நின்றது. பிறகு வேலை தொடர்ந்தது.

அதற்கப்புறமும் அவள் முகம் மாறவில்லை. எப்போது பார்த்தாலும் இரண்டு வார்த்தை கேட்பாள். நானும் பதில் சொல்வேன். ஒரு நாவலின் முதல் பக்கத்தில் ஆசிரியர் 'இதில் வருகிறவர்கள் யாவரும் கற்பனையே' என்று போட்டிருந்தார். அதைப் பற்றி வாசிப்பில் நான் கேலி செய்திருந்தேன். திருடன் வாசலில் நின்றுகொண்டு நான் திருடனில்லை என்று கத்துவதுபோல் இருக்கிறது என்றேன். அவள் மறுநாள் என்னிடம், "அப்படி இல்லீங்கண்ணா, எழுதறவங்களுக்குப் பயமா இருக்கும் இல்ல" என்றாள். அவளுக்கு எழுதுகிறவர்களைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சித்திரையில் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய படித் திருவிழா நோட்டீஸ்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் எழுதி, பூக்கட்டும் நாரால் தைத்திருந்தாள். இருநூறு தாளுக்குக் குறையாது. எல்லாம் தெலுங்கு எழுத்து. அவள் நகரிப் பக்கம், தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துத்தான் தெலுங்கு. எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்த் தமிழ்.

"கத எழுதிக்கினு இருந்தேங்கண்ணா, ஒரு வருசமா. நீங்கதான் தமிழ் எழுத்துல எழுதித் தரணும். பட்டணத்துக்கு அனுப்பலாமா வாணாமான்னும் நீங்களே சொல்லுங்க. இந்த ஊருல ரெண்டு எழுத்தும் தெரிஞ்சி, கதயும் தெரிஞ்சவங்க ஒங்களத் தவுர யாரு இருக்காங்க?"

"வீரபத்திரனுக்குத் தெரியுமா?"

"பாவாக்கு இதெல்லாம் புரியாதுண்ணா. ஏதோ கணக்கு எழுதறேன்னு நெனச்சிகினு இருக்காரு. அச்சுல வந்தப்புறம் கையில குடுத்தா சந்தோசப்படுவாரு." வீரபத்திரன் அவளுக்கு அத்தை மகன், அதனால் பாவா. "வேற நகல் எங்கிட்ட இல்லீங்க. பத்திரமா வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று காலை வேளைகளில் அதைப் படித்து முடித்தேன். என் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்கிறேன். ஒன்பது வருஷத்தில் எங்கள் அலமாரிக்கு வந்த எந்த நாவலும் அதன் பக்கத்தில் நிற்காது. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. மலையடிவாரத்தில் காவடி கட்டுகிற ஒரு பெண் 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டு போகிறாள். ஊராருக்கெல்லாம் காவடி கட்டிக் கொடுக்கிறவள், தான் ஒரு தடவையும் தூக்கினதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற ஒரு தவில்காரனை வருஷம் ஒருதரம் பார்க்கிறாள். ஒன்பதாவது அத்தியாயத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவன் பின்னால் முன்னூற்றறுபத்தைந்து படியும் ஏறுகிறாள். ஒவ்வொரு படியிலும் வீட்டுச் சங்கதி ஒன்றை விட்டுவிடுகிறாள். அடுப்பு, உலக்கை, புருஷனின் இருமல் என்று. கடைசிப் படியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வந்துவிடுகிறேன் என்கிறாள். பத்தாவது அத்தியாயத்தில், தவில்காரன் என்று ஒருவனும் இல்லை, காவடி கட்டுகிறவளுக்கு மனசுக்குள் ஒருதரம் மலையேற ஆசை, அவ்வளவுதான் என்று தெரிகிறது. அவள் கீழே இறங்கி வந்து உலை வைக்கிறாள். அதைப் படித்துவிட்டு நான் பத்திர ஆபீசுக்கு அரைமணி தாமதமாகப் போனேன்.

ஆறாவது அத்தியாயத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் ஒரு வாசகர் வருகிறார். ஏகாம்பரம் என்று பெயர் வைத்திருக்கிறாள். வாசகசாலை நடத்துகிறார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிறார். உலகத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரிடமும் குற்றம் கண்டுபிடிக்கிறார், ஒரு கதையும் எழுத வராது. யாரோ ஒரு பெண் சொன்னதைத் தன்னுடையது என்று பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, அது வந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. 'பாவம், அவருக்குன்னு வேற என்னா இருக்குது' என்கிறாள். இன்னோரிடத்தில், 'பொஸ்தகத்துல யாரு செத்தாலும் அழுவாரு. பக்கத்து வூடு பத்திகினு எரிஞ்சாலும் அத்தியாயத்த முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பாரு' என்று எழுதியிருக்கிறாள்.

பதினோரு தாள் அந்த அத்தியாயம். ஒரே ஒரு தடவைதான் படித்தேன். நான் சொன்ன வரிகள் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கும், என் நினைவை நம்பலாம். அதனால் எனக்கு மனவருத்தம் ஏதும் இல்லை. விமரிசனம் செய்கிறவன் விமரிசனத்தைத் தாங்க வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு நாவல் தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பது? இந்தக் காலத்தில் வாசகர்கள் அட்டையைப் பார்த்து, ஆசிரியர் பெயரைப் பார்த்து, இது கதை என்று தெரிந்துகொண்டு படிக்கிறார்கள். தெரிந்து நம்புகிற நம்பிக்கைக்கு மதிப்பில்லை. கதை என்று தெரியாத ஒருவன் கையில் கொடுத்து, அவன் நம்புகிறானா என்று பார்க்க வேண்டும். அதுதான் உண்மையான பரீட்சை. வெகுநாளாக எனக்கு இந்த எண்ணம் உண்டு. வெகுநாளாக என்றால் சித்திரையிலிருந்து.

ஆனால் யார் கையில் கொடுத்தாலும் சரி என்று கொடுக்கிறவன் நான் அல்ல. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிற ஒருவனின் கதையை வாசிப்புக்கு எடுத்தேன். சாதாரண நாவல். கடைசியில் அவன் அவளை மன்னித்து ரயிலேற்றி அனுப்பிவிடுகிறான். அன்றைக்கு வீரபத்திரனையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவன் அதிகம் பேசாத ஆள். நல்ல உழைப்பாளி. குடி கிடையாது. மலைக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளும் தரையில்தான் படுப்பான். வாசிப்பு முடிந்ததும் எல்லாரிடமும் கேட்பதுபோல் அவனிடமும் அபிப்பிராயம் கேட்டேன்.

"அவன் செஞ்சது செரி இல்லீங்க ஐயா" என்றான். "துரோகம் பண்ணவள ரயிலேத்தி வுடறதா? நானா இருந்தா அங்கியே வெட்டிப் போட்டுட்டு நேரா போலீஸ் டேசன்ல போயி நிப்பேன்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நான் அபிப்பிராய நோட்டில் தேதி போட்டு அப்படியே எழுதிக்கொண்டேன். நோட்டை நீங்கள் கைப்பற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதில் இருக்கும்.

அதற்கப்புறம் ஒன்பதாவது அத்தியாயத்தை மட்டும் தமிழ் எழுத்தில் நகல் எடுத்தேன். நல்ல வெள்ளைத் தாள், எட்டுப் பக்கம். அவளுடைய பேச்சை அப்படியே வைத்தேன். படிகளில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. அத்தியாயம் என்ற தலைப்பைப் போடவில்லை. தனியாக எடுத்த ஒன்றுக்கு ஒன்பது என்று எண் போட்டால் படிக்கிறவன் முதல் எட்டு எங்கே என்று தேடுவான். கட்டின் முதல் தாளில் அவள் ஒரு முன்னுரை எழுதியிருந்தாள். நான் கேலி செய்ததைக் கேட்ட பிறகும் எழுதியிருந்தாள். நான்கு வரிதான். 'இதுல வர்ற நான், தமயந்தி இல்ல. எம் புருசன் நல்லவரு. கதன்னா சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும், அதுக்காக ஒருத்தியப் படைச்சேன். யாரும் தப்பா நெனச்சிக்காதீங்க.' அதையும் விட்டுவிட்டேன். முன்னுரையைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஆரம்பத்திலேயே சொன்னேன் அல்லவா?

கடைசிப் பக்கத்தின் அடியில் வழக்கம்போல 'அசலுக்குச் சரியான நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது பொய் அல்ல. இருபத்தாறு வருஷத்தில் நான் பொய் நகல் எடுத்ததில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீரபத்திரனை வாசகசாலைக்குக் கூப்பிட்டேன். அவன் அரக்கோணத்தில் மூன்றாவது வரை தமிழ் படித்தவன். பட்டறையில் வேலை நெருக்கம், சீக்கிரம் போக வேண்டும் என்றான். உன் சம்சாரம் கையால் எழுதியது, தெலுங்கில் இருந்தது, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தமிழில் எடுத்திருக்கிறேன் என்றேன். தெலுங்குத் தாள்களையும் காட்டினேன். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது அவள் கை என்று தெரிந்தது. காவடிச் சாயம் பட்டிருந்ததே.

எட்டுப் பக்கத்தை அவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அலமாரியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓரிடத்தில் அவனுக்கு இருமல் வந்தது. அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியும். நூற்றுப் பதினோராவது படி. இவ்வளவு ஆழ்ந்து ஒரு மனிதன் படித்து நான் பார்த்ததில்லை. சென்னையில் பெரிய எழுத்தாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் யாருக்காவது இப்படி ஒரு வாசகன் கிடைத்திருப்பானா?

படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"ஐயா, இது நெசங்களா?"

"அசலில் இருப்பது அப்படியே இருக்கிறது வீரபத்திரா. நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை."

"நீங்க எழுதிக் குடுத்தா செரியாத்தான் இருக்கும்" என்றான். தாளை எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டான். நான் தடுக்கவில்லை. அவன் கேட்டது நகலைப் பற்றியா, சம்பவத்தைப் பற்றியா என்று இப்போது நீங்கள் என்னைக் கேட்கலாம். சம்பவத்தைப் பற்றித்தான் கேட்டான். எனக்கு அப்போதே புரிந்தது.

மணி மூன்றடித்தது. வாசிப்புக்கு ஆள் வந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் வாசித்திருப்பேன், தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சு எழுந்தது. அவன் குரல் தாழ்ந்திருந்தது. அவள் முதலில் சிரித்தாள். அப்புறம், "கத பாவா, அது கத" என்றாள். கதை என்றால் என்னவென்று அவனுக்கு விளங்க வைக்கப் பார்த்தாள். பத்தாவது அத்தியாயத்தில் எல்லாம் வருகிறது என்றாள். அவன் தாளைக் காட்டியிருக்க வேண்டும். தாளைப் பிரிக்கிற சரசரப்புக் கேட்டது.

பிறகு அவள் சொன்னாள், "கஜபதி அண்ணாவக் கேளு பாவா. பக்கத்துலதான இருக்காரு. அவரு சொல்லுவாரு. அவருக்குத் தெரியும்."

வாசகசாலை வாசலிலிருந்து காவடிக் கடை வாசலுக்குப் பன்னிரண்டு அடி. அளந்ததில்லை, ஆனால் ஒன்பது வருஷமாக நடந்திருக்கிறேன். அது கதைதான் என்று ஒரு வார்த்தை, தட்டிக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னால்கூடக் கேட்டிருக்கும். நான் குரலைச் சற்று உயர்த்தி வாசித்தேன். வாசிப்பை நடுவில் நிறுத்துவது கேட்கிறவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

முக்தார் அகமது பாதி எழுந்து, "என்னாங்க சார் அது சத்தம்?" என்றார்.

"கிருத்திகை வந்துவிட்டதல்லவா, காவடிக்கு மூங்கில் பிளக்கிறார்கள். உட்காருங்கள் பாய்" என்றேன்.

உட்கார்ந்தார். அத்தியாயம் முடிய இன்னும் நான்கு பக்கம் இருந்தது. அந்த நான்கு பக்கத்துக்குள் அந்தப் பக்கம் எல்லாம் அடங்கிவிட்டது. மூங்கில் பிளக்கிற கத்தி என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை. வீரபத்திரன் சொன்ன சொல் தவறாதவன். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் நின்றான். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனான். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சித்தூர் ஜெயிலில் அவன் யாரிடமும் பேசுவதில்லை என்றும், கேட்டால் "நகல் இருக்குது" என்று மட்டும் சொல்கிறான் என்றும் அவனுடைய வக்கீல் சொன்னார். தூக்கு விழலாம் என்றும் சொன்னார். பொழுது போவதற்காக ஒரு நாவல் அனுப்பி வைத்தேன். திரும்பி வந்துவிட்டது. ஒரு பக்கம்கூடத் திருப்பின அடையாளமில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அது கதை என்று எனக்குத் தெரியும். அவன் நம்புவான் என்று தெரியும். நம்பினால் என்ன செய்வான் என்பதை அவன் வாயாலேயே கேட்டு எழுதி வைத்திருந்தேன். அவள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது காதில் விழுந்தது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எனக்கு அவள்மேல் கோபம் இருக்க என்ன காரணம்? இலக்கியத்துக்காக ஒரு பரீட்சை வைத்தேன். அவள் எழுத்து அதில் முதல் வகுப்பில் தேறியது. உயிரோடிருந்தால் நானே அவளிடம் சொல்லியிருப்பேன்.

அசல் கட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டபடியே தமிழ் எழுத்தில் முழு நகலும் எடுத்துவிட்டேன். முன்னுரையைக்கூட இந்தத் தடவை சேர்த்திருக்கிறேன். சென்னைக்கு அனுப்பினால் நிச்சயம் போடுவார்கள். ஆறாவது அத்தியாயத்தை மட்டும் நகலில் விட்டிருக்கிறேன். அசலிலும் இப்போது அது இல்லை, ஆகவே அசலுக்குச் சரியான நகல் என்று நான் கையெழுத்திட்டதில் தவறு சொல்ல முடியாது.

விட்டதற்குக் காரணம் கேட்டால், இலக்கியக் காரணம்தான். அபிப்பிராய நோட்டில் கடைசியாக நான் எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். 'நடை புதிது. ஒன்பதாம் அத்தியாயம் அபாரம். ஆனால் ஏகாம்பரம் என்ற பாத்திரம் நம்பும்படி இல்லை. அப்படி ஒரு மனிதன் உலகத்தில் கிடையாது.'